மீசைக்குள்ள பேசுறீக

எங்கள் வகுப்பறைச் சன்னலைத் திறந்தால் எதிரே கன்னியர் மடம் தெரியும். ஓட்டுக் கூரை, முன்னால் கொய்யா மரங்கள், கொடியில் காயும் வெள்ளை அங்கிகள், அதற்கும் பின்னால் மலை. முதல் பெஞ்சில் இருந்த ஒரு மாணவி பாட நேரத்தில் அந்த மடத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

தேனிக்கு வெளியே இருக்கிற ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் நான் காட்சித் தொடர்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். புகைப்படம், வானொலி, படத்தொகுப்பு என்று பலதும் கலந்த படிப்பு. மகன் என்ன பாடம் நடத்துகிறான் என்று யாராவது கேட்டால் "டிவிக்குப் படிக்கிற படிப்பு" என்று என் அம்மா சொல்லிவிடுவாள். அதற்கு மேல் விளக்க எனக்கும் பொறுமை கிடையாது. வடுகபட்டியில் பூண்டு மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். நெற்றியில் திருநீறோடுதான் காலைப் பிரார்த்தனைக்குப் போய் நிற்பேன். ஃபாதர்களோ சிஸ்டர்களோ ஒருநாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. யாரையும் விட்டுவிடக் கூடாது என்பது அங்கே அடிக்கடி காதில் விழுகிற பேச்சு. கேட்க இதமாகத்தான் இருக்கும். வகுப்புக்குள் வந்து நின்றால்தான் அது லேசுப்பட்ட வேலை இல்லை என்று தெரியும்.

அன்றைக்குத் திரையில் ஒரு புகைப்படத்தைப் போட்டுவிட்டு, "படத்தைப் பாருங்க" என்றேன். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். அந்தப் பெண் மட்டும் சன்னல் பக்கம் திரும்பினாள். இதற்கு முன்பும் இப்படிச் செய்திருக்கிறாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு ஊர்ப்பேச்சும் கூடவே வந்துவிடும்.

"என்னாத்தா, அங்கன என்ன கல்யாணமா நடக்குது?"

வகுப்பு சிரித்தது. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள், ஒரு நொடி தாமதமாக. பக்கத்தில் இருந்த தோழிதான் எழுந்து சொன்னாள். "சார், அவ வாயைப் பாத்துத்தான் புரிஞ்சுக்குவா. நீங்க மடத்தைப் பாருங்கன்னு சொன்னதா நெனச்சிருக்கா."

காதில் மெஷின் வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். மெஷின் இருக்கிறதே, கேட்கும் என்று இருந்துவிட்டேன். அந்த மெஷினில் அவளுக்கு லாரி ஹாரனும் இடியும்தான் கேட்குமாம். சின்ன வயதில் காய்ச்சல் வந்து காது போனதிலிருந்து அம்மாவின் வாயைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொண்டவள். சைகை மொழி தெரியாது. ஊரில் சாதாரணப் பள்ளியில் படித்து, நல்ல மதிப்பெண் வாங்கி, கேமராவின் மேல் இருக்கிற ஆசையில் எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறாள்.

வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று படம், மடம், படம், மடம் என்று சொல்லிப் பார்த்தேன். உண்மைதான். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரிகிறது. மனைவி எட்டிப் பார்த்து, "என்ன, சினிமாவுக்குப் போறதா சாமியாராப் போறதான்னு இன்னும் முடிவாகலையா?" என்றாள்.

அடுத்த வாரமே அந்த மாணவியின் அப்பாவும் அம்மாவும் டி.சி. வாங்க வந்துவிட்டார்கள். கடமலைக்குண்டுப் பக்கம் முருங்கையும் தக்காளியும் போடுகிற குடும்பம். அப்பாவுக்கு நல்ல ஆகிருதி. என்னுடையதை விடப் பெரிய மீசை. எங்கள் துறையில் என்னை மீசை சார் என்றுதான் மாணவர்கள் சொல்வார்கள். மேல் உதட்டை முழுசாக மூடி, ஓரத்தில் லேசாகத் தொங்குகிற மீசை. கல்லூரியில் படிக்கிற காலத்திலிருந்து வளர்த்தது. ஆனால் அவருடையதற்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

"புள்ள ஹாஸ்டல்லேருந்து வீட்டுக்கு வந்து அழுகுது சார். ஒண்ணும் வெளங்கலைங்குது. இங்கன எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிறாக, அதுல கொறை சொல்லக் கூடாது. ஆனா படிக்க வந்த புள்ளைக்குப் பாடம் வெளங்கணுமா இல்லையா?" என்றார்.

அவர் பேசப் பேச, அவள் அம்மா அதையே மகள் பக்கம் திரும்பி மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் தலையை ஆட்டினாள். அவளுக்குப் போக விருப்பமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இருக்கிறேன் என்று சொல்லவும் தைரியம் இல்லை. புரியாத வகுப்பில் எதை நம்பி இருப்பாள்?

"நீங்க கேட்டுப் பாருங்களேன், அவ விருப்பம் என்னான்னு" என்றேன் அப்பாவிடம்.

"நான் சொன்னா எங்க சார் கேப்பா? ஆத்தா சொன்னாத்தான் கேப்பா. சின்னதுலேருந்தே அப்படி. எங்கிட்ட ஒரு வீம்பு அவளுக்கு" என்றார். சொல்லும்போது சிரித்தார். ஆனால் அது சிரிப்பில் சேர்கிற விஷயமாக எனக்குப் படவில்லை.

ஒரு மாதம் பொறுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். அப்போதும் விளங்கவில்லை என்றால் நானே டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு சரி என்றார். டி.சி. வாங்கிவிட்டால் அவள் அத்தை வீட்டில் இருந்து தையல் பழகுவதாக ஏற்பாடு. தையல் நல்ல தொழில்தான். ஆனால் அந்தப் பெண் எடுத்த புகைப்படங்களை நான் பார்த்திருந்தேன். சந்தை முடிந்து தார்ப்பாயை மடிக்கிற கைகள், மாட்டின் கண்ணில் தெரிகிற லாரி வெளிச்சம். அப்படி ஒரு கண்ணை ஊசிக்கு முன்னால் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை.

பேசிவிட்டேனே ஒழிய, என்ன செய்வது என்று ஒரு யோசனையும் இல்லை. எங்கள் செயலர் ஃபாதரிடம் போனேன். நெல்லைப் பக்கத்துக்காரர், சாப்பாட்டுப் பிரியர், எதையும் நீட்டி முழக்கமாட்டார். சிறப்பு ஆசிரியர் வேண்டும், கருவி வேண்டும், சைகை மொழிக்கு ஆள் வேண்டும் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எல்லாம் பார்க்கலாம். அந்தப் பிள்ளைகிட்ட என்ன வேணும்னு கேட்டீங்களா சார்?" என்றார்.

கேட்கவில்லை. தொடர்பியல் நடத்துகிற எனக்கு இது தோன்றவில்லை. மரத்தடியில் அவளைப் பார்த்து, என் வகுப்பில் உனக்கு என்ன கஷ்டம் என்று செல்போனில் தட்டச்சு செய்து காட்டினேன். அவள் தயங்கினாள். தோழியைப் பார்த்தாள். பிறகு மடமடவென்று தட்டிப் போனை என் கையில் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சார் கோவிச்சுக்காதீங்க. எல்லாரும் வாயால பேசுறாக. நீங்க மீசைக்குள்ள பேசுறீக. மேல் உதடே தெரியல. பாதர் பேசுனா முழுசாப் புரியுது. சிஸ்டருக பேசுனா புரியுது. உங்க வகுப்பு மட்டும் எனக்கு ஊமைப்படம்."

ப, ம குழப்பமெல்லாம் அவளுக்குப் பழகிப்போனதுதான். முன்னும் பின்னும் வருகிற சொற்களை வைத்துச் சரியாக ஊகித்துவிடுவாள். என் மீசை அந்த முன்னையும் பின்னையும் சேர்த்து மறைத்திருக்கிறது. முதலாண்டின் முக்கியப் பாடங்களெல்லாம் என் கையில்தான் இருந்தன. ஆண்டுதோறும் முதல் வகுப்பில் கரும்பலகையில் ஒரு படம் போடுவேன். இந்தப் பக்கம் சொல்பவர், அந்தப் பக்கம் கேட்பவர், நடுவே செய்தியைப் போய்ச் சேரவிடாமல் தடுக்கிற இரைச்சல். இரைச்சலை ஒரு கோணல் கோடாக வரைந்து, இது எந்த ரூபத்திலும் வரும், ஜாக்கிரதை என்று முழங்குவேன். அது மூக்குக்குக் கீழேயே வளர்ந்து நின்றதைக் கவனிக்கவில்லை. எனக்குச் சிரிப்பாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது. அவளைப் பார்த்துச் சிரித்துத் தொலைத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஓர் ஆண் மீசையை மழிக்கிறான் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெற்றவர்களில் ஒருவர் போய்விட்டார். அப்பா இறந்தபோது நானும் அப்படித்தான் எடுத்தேன். மற்றபடி சும்மா யாரும் கை வைக்க மாட்டார்கள். இது எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் சனிக்கிழமை காலை சலூனுக்குப் போனேன்.

மீசையை முழுசா எடுத்துவிடு என்றதும் சலூன்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். செல்போனில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். புது பிளேடைப் பிரித்துவிட்டு, தாழ்ந்த குரலில், "எப்ப சார் போனாக?" என்றார்.

"யாரு?"

"ஆத்தா."

"ஆத்தா வீட்டுல இட்லி சாப்பிடுது. நீ எடுய்யா."

அவர் நம்பவில்லை. துக்கத்தில் ஏதோ உளறுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். தலையை மழிக்கவில்லையே என்றும் கேட்கவில்லை. காசு வாங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். தெருவுக்குள் நுழைவதற்குள் இரண்டு பேர் வண்டியை நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். டீக்கடையில் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். "கேதம்னு ஒரு வார்த்தை சொல்லி விடலையே" என்று ஒருவர் குறைப்பட்டார். ஆள் உயிரோடுதான் இருக்கிறாள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அம்மா என்னைப் பார்த்ததும் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏலே, நான் குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். நீ யாருக்குடா மீசையை எடுத்துட்டு வந்து நிக்கிற?"

நான் விளக்குவதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் தலைமுடியை முடிந்துகொண்டே வாசலுக்கு வந்துவிட்டார்கள். அம்மா கோபத்தோடு வெளியே போய், தெரு நடுவில் நின்று, "நல்லாப் பாத்துக்கங்க. நான் எங்கயும் போகல" என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சாயங்காலம் அவளாகவே வந்து உட்கார்ந்தாள். நான் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன்.

"அந்தப் புள்ளைக்கு இனிமே வெளங்குமா?"

"வெளங்கும்னுதான் நெனைக்கிறேன்மா."

கொஞ்ச நேரம் என் மேல் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி. எடுத்தது எடுத்ததாவே இருக்கட்டும். ஆனா நான் போறன்னைக்கு எடுக்குறதுக்கு உங்கிட்ட என்னடா இருக்கும்?"

"தலைமுடி இருக்குல்ல" என்றேன்.

அம்மா என் தலையைப் பார்த்தாள். "அங்கனயும் ஒண்ணும் இல்லையேடா" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவள் இருமல் வரும்வரை சிரித்தாள். எனக்கு என் அம்மாவை அன்றைக்குப் பிடித்த மாதிரி என்றைக்கும் பிடித்ததில்லை.

திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்ததும் ஒரே அமைதி. எங்கள் வளாகத்தில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் பிரார்த்தனை செய்வது வழக்கம். நான் புத்தகத்தை மேசையில் வைப்பதற்குள் வகுப்புத் தலைவி எழுந்து, "சாரோட அம்மாவோட ஆன்மா சாந்தி அடைய எல்லாரும் செபிப்போம்" என்றாள். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். சிலுவை போடுகிறவர்கள் போட்டுக்கொண்டார்கள், கை கூப்புகிறவர்கள் கூப்பினார்கள், முக்காட்டைச் சரிசெய்து கையேந்தினாள் ஒருத்தி. எத்தனை சாமிகளிடம் என் அம்மாவுக்காக விண்ணப்பம் போனது என்று சொல்ல முடியாது. நிறுத்தவும் மனமில்லை. அவ்வளவு உண்மையாக வேண்டினார்கள்.

முடித்த பிறகு முதல் பெஞ்சுக்கு எதிரில் நேராக நின்று சொன்னேன். "அம்மா நல்லா இருக்கு. காலைல என்னைத் திட்டித்தான் அனுப்புச்சு. மீசைதான் செத்துப்போச்சு."

முதலில் சிரித்தது அவள். மற்றவர்கள் நம்புவதா வேண்டாமா என்று முழித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துவிட்டுத் தாமதமாகச் சிரிக்கிற பெண்தான் அன்றைக்கு வகுப்புக்கே சிரிப்பைத் தொடங்கிவைத்தாள். திரும்பிக் கரும்பலகையில் எதையோ எழுதுவது போல நின்றேன். உடனே ஞாபகம் வந்து மறுபடி வகுப்பைப் பார்த்துத் திரும்பினேன்.

அந்த மாதம் முழுக்க நான்தான் பாடம் படித்தேன். எழுதிக்கொண்டே பேசக் கூடாது. விளக்கை அணைத்துவிட்டுப் பேசக் கூடாது. படம் என்பதை விட்டு போட்டோ என்று சொல்லப் பழகினேன். போட்டோவுக்கு எதிரில் மடம் எதுவும் இல்லை. புத்தகத் தமிழில் பேசினால் அவள் திணறினாள், ஊர்ப்பேச்சில் பேசினால் டக்கென்று பிடித்தாள். அம்மாவின் வாயில் பழகிய தமிழ் அது. பின்பெஞ்சில் யார் பேசினாலும் அவள் பக்கம் முகத்தைத் திருப்பிப் பேசுவது மாணவர்களுக்கே பழக்கமாகிவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வேறொரு ஆசிரியர் இன்னும் நடந்துகொண்டேதான் பாடம் நடத்துகிறார். வானொலிப் பாடத்தை அவளுக்கு எப்படி வைப்பது என்று நானும் ஃபாதரும் இன்னமும் மண்டையை உடைத்துக்கொள்கிறோம்.

மாதம் முடிந்தது. சொன்னபடி அவளுடைய அப்பா வந்தார். தக்காளி எடுப்பு நடந்ததால் அம்மா வரவில்லை. அலுவலக வாசலில் என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"சொல்லி விட்டிருக்கலாமே சார். பஸ் ஏறுனா வந்துருவம்ல. யாரு போனாக?"

"யாரும் போகலைங்க. உங்க மகளுக்காக எடுத்தேன்."

அவருக்குப் புரியவில்லை. உட்கார வைத்து முழுவதையும் சொன்னேன். உதடு தெரிந்தால்தான் அவளுக்குப் பேச்சு என்பதையும், மீசை மூடிய வாயிலிருந்து அவளால் எதையும் எடுக்க முடியாது என்பதையும் சொல்லிக்கொண்டு வரும்போதே என் குரல் இறங்கிவிட்டது. நான் யாரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கை தானாக அவருடைய மீசைக்குப் போனது. முறுக்குவதற்குப் போகவில்லை. சும்மா தொட்டபடி இருந்தது.

அந்த நேரத்தில் மகள் உள்ளே வந்தாள். அவர் அவளைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார். "அப்ப நான் பேசுறது?"

நான் அவள் பக்கம் திரும்பி, அப்பா பேசினால் உனக்குப் புரியுமா என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, மூக்கிலிருந்து வருகிற மாதிரியான அவளுடைய குரலில் சொன்னாள்.

"அப்பா பேசுனா நான் அம்மா மொகத்தத்தான் பாப்பேன்."

குறை சொல்வது போல அவள் சொல்லவில்லை. மழை வந்தால் குடை பிடிப்பேன் என்பது போலத்தான் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வீம்புன்னுல நெனச்சேன்" என்றார். பெரிய ஆகிருதியான மனிதர் நாற்காலிக்குள் சின்னதாகிப் போன மாதிரி இருந்தது. நான் எழுந்து வெளியே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

அவர் நாற்காலியை மகளுக்கு எதிரில் இழுத்துப் போட்டுக்கொண்டார். வலது கையின் விரல்களால் மீசையை மேலே ஒதுக்கிப் பிடித்தார். அதன் அடியில் வெயில் படாமல் வெளுத்திருந்த உதடு தெரிந்தது.

"தாயி, இருக்கியா? எங்கூட வாரியா?"

அவள் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை.

"இருக்கேன்ப்பா."

"வெளங்குதா?"

"வெளங்குதுப்பா."

டி.சி. பற்றி அதற்கு மேல் பேச்சே எழவில்லை. ஆனால் அவர் விரலை எடுக்கவில்லை. இன்னும் ஏதோ கேட்க வேண்டும், என்ன என்று அவருக்கே தெரியவில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது; அவர்கள் யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

"காலைல சாப்புட்டியாத்தா?" என்றார்.

"பொங்கல் போட்டாக."

"நல்லா இருந்துச்சா?"

"உப்பு இல்லப்பா."

அவர் மீசையை ஒதுக்கிப் பிடித்தபடியே அடுத்த கேள்வியை யோசித்தார்.